மாவு படிந்த க்ரோனோகிராஃப்

ஜனவரி 6, திங்கள்

இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரியில் எழுத இத்தனை நாளாக ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது. ஒரு தெலோர்ம் க்ரோனோகிராஃபைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, பூப்போட்ட கவுன், முழங்கை வரை மாவு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது கழன்று கையோடு வந்திருந்தது. “சீக்கிரம் மாட்டிக் குடுங்க முசே, அடுப்புல ரொட்டி வெந்துட்டிருக்கு” என்று, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊர் வழக்கப்படி ஐயாவுக்கு முசே போட்டுச் சொல்லிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பார்வைக்குச் சாதாரணக் கைக்கடிகாரம்தான். ஆனால் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் நடுவிலிருக்கும் நீள முள் ஓடத் தொடங்கி, ஓட்டப்பந்தயத்தில் செய்வதுபோல நேரத்தை அளக்கும். பிரெஞ்சு விமானப்படைக்காரர்களுக்காகத் தெலோர்ம் கம்பெனியில் அந்தக் காலத்தில் கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்டார்கள். கறுப்பு டயல் வெயில் பட்டுப் பட்டு டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. என்னைப் போன்ற பைத்தியங்கள் அந்த நிறத்துக்காகத்தான் ஊர் ஊராக அலைகிறோம். நான் சேர்த்தவை பீரோவில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன, தெலோர்ம் மட்டும் கிடைக்கவில்லை. அது இங்கே மாவை அப்பிக்கொண்டு ரொட்டிக்குக் காவல் இருக்கிறது.

கண்ணாடிக்குத் திருகாணி போடும் சாக்கில் முடிந்தவரை மெதுவாக வேலை செய்தேன். திருகாணியை வேண்டுமென்றே இரண்டு முறை கீழே போட்டேன். அந்த அம்மாள் பிடுங்காத குறையாகக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஓடினார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

பெயர் ஒர்த்தான்ஸ். குருசுக்குப்பத்தில் ரொட்டிக் கடை. எதிர்க்கடை ஜெராக்ஸ் கலிவரதனிடம் விசாரித்துக்கொண்டு போனேன்.

என்னைப் பார்த்ததும் ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். கருகிய நீள ரொட்டிகள். “நேத்து நீங்க சுட்டது முசே. உங்களுக்காகவே வெச்சிருக்கேன்.” எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்தார், கன்னத்தில் மாவு இருந்தது. டயலில் ஒரு மெல்லிய கீறல் இருக்கிறது, நேற்று கவனிக்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

ரொட்டி வாங்கினேன்.

ஜனவரி 10, வெள்ளி

ரொட்டி. வாட்ச் அவருடைய அப்பாவுடையதாம். அவர் பிரெஞ்சுப் படையில் விமான மெக்கானிக்காக இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அவர் போனபிறகு மகள் கைக்கு வந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிட வேண்டும் என்று போனேன், கடைக்குத் திரும்பும்போது இரண்டு வாடிக்கையாளர்கள் படியில் காத்திருந்தார்கள். அபூர்வமான வாட்ச் என்றால் விசாரணையை அவசரப்படுத்தக் கூடாது.

ஜனவரி 12, ஞாயிறு

மண்ணடி பத்ருதீன் பாயோடு போனில் பேசினேன். க்ரோனோகிராஃப் பைத்தியத்தில் எனக்குச் சீனியர். தெலோர்ம் என்றதும் எதிர்முனையில் டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“தணிகாசலம், பின்மூடியத் தொறந்து பாத்தீங்களா?”

“எங்க பாய், கையவிட்டே கழட்ட மாட்டேங்கறாங்க.”

“உள்ள பாக்காம விலை பேசாதீங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் வரேன்.”

வரவேண்டாம் என்றேன். அந்த அம்மாள் பயந்த சுபாவம், புது ஆட்களைக் கண்டால் பேசமாட்டார் என்று சொன்னேன். இன்று காலையில்தான் அவர் பால்காரரை, தண்ணீர் கலந்ததற்காகத் தெருமுனை வரை துரத்திவிட்டு வந்தார்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மனைவி மீனாட்சி காலமானபிறகு வீட்டில் பொங்கல் வைத்ததில்லை. இந்த வருடம் வைத்தேன். குக்கரில்தான், ஆனாலும் வைத்தேன். ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதன் சொந்தக்காரரோடு நல்ல உறவு வைத்துக்கொள்ள வேண்டும், எங்கள் கூட்டத்தில் இதுதான் முதல் பாடம்.

ஒர்த்தான்ஸ் மதாம் நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தார்.

“அடிப்பிடிச்சிருக்கே.”

“லேசா.”

“நல்லவேளை. இனிமே என் ரொட்டியப் பத்திப் பேச்சு வராது, கணக்கு சரியாப் போச்சு” என்று சொல்லி, மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கைக் கழுவிக் கொடுத்தார். வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாட்ச் கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது.

ஜனவரி 20, திங்கள்

கேட்டே விட்டேன். “மதாம், இந்த வாட்ச்ச எனக்குக் குடுப்பீங்களா? நீங்க சொல்ற விலை.”

“குடுத்துட்டு? ரொட்டிய எத வெச்சுப் பாக்கறது?”

சுவரில் கடிகாரம் இருக்கிறதே என்றேன். அது மணி காட்டுமாம், ரொட்டிக்கு மணி வேண்டாமாம். “அடுப்புல உள்ள தள்ளுனதும் இத ஒரு அமுக்கு. வெளிய எடுக்கறப்ப ஒரு அமுக்கு. அப்பாவும் அப்படித்தான் சுட்டாரு” என்றார். படையிலிருந்து வந்து கடை போட்ட மனிதர், விமானத்துக்குச் செய்ததை ரொட்டிக்குச் செய்திருக்கிறார்.

ஜனவரி 22, புதன்

சமையலறைக்கு வைக்கிற எலெக்ட்ரானிக் டைமர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இது இருந்தால் அது தேவைப்படாது அல்லவா.

ஜனவரி 23, வியாழன்

டைமரைக் கலிவரதனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். கத்துகிறதாம். எனக்குக் கோபமே வரவில்லை. டைமர் இல்லை என்றால் வாட்ச் இன்னும் கொஞ்ச காலம் அவர் கையில் இருக்கும், நான் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

தலைக்குச் சாயம் அடித்தேன். கண்ணாடிக் கடைக்காரன் பார்க்க லட்சணமாக இருந்தால் வியாபாரத்துக்கு நல்லது. இரண்டு சட்டை வாங்கினேன், தள்ளுபடி போட்டிருந்தார்கள்.

பெங்களூரிலிருந்து மகள் சுடர்விழி பேசினாள். தெலோர்மைப் பற்றி முழுக்கச் சொன்னேன். டயலின் நிறம், பொத்தான், அப்பா சொல்தாவாக இருந்தது, பால்காரரைத் துரத்தியது, பொங்கல் சாப்பிட்டது, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழுவது.

“வாட்ச்சுலயாப்பா குழி விழுது?”

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

சர்க்கரை எகிறிவிட்டது. டாக்டர் ரொட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்கிறார். இனிமேல் வாங்குவதையெல்லாம் கலிவரதன் வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஆட்சேபணை இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கலிவரதன் உளறிவிட்டிருக்கிறார். “சக்கரைய வெச்சுக்கிட்டுத் தினம் வந்து ரொட்டி வாங்கறீங்களா? உங்களுக்கு அறிவு இருக்கா முசே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் ஒர்த்தான்ஸ் மதாம். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது.

பிப்ரவரி 6, வியாழன்

எனக்கென்று தனியாகக் கேழ்வரகு ரொட்டி ஒன்று சுட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தார். விற்பனைக்கு இல்லையாம், காசு வாங்க மறுத்துவிட்டார். செங்கல் மாதிரி கனம். அப்படியே முழுவதையும் சாப்பிட்டேன்.

இப்படி இறங்கி வருகிறார் என்றால் வாட்ச்சைப் பற்றிப் பேசுவதற்கு நல்ல அறிகுறி.

பிப்ரவரி 10, திங்கள்

வாட்ச் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது.

நேற்றிலிருந்து முள் திக்கித் திக்கி ஓடுகிறதாம். “நீங்களே பாருங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல” என்று கழற்றிக் கொடுத்தார். அவருடைய மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது தெலோர்ம் இல்லை. உடம்பும் டயலும்தான் தெலோர்ம். மெஷின் யாரோ ஒரு சாதாரண சுவிஸ் கம்பெனியுடையது. பொருந்துவதற்காக ஓரத்தை அரம் போட்டு ராவியிருக்கிறார்கள், மிக நேர்த்தியாக. இப்படி இரண்டு வாட்ச்சைச் சேர்த்து ஒன்றாக்கியதை எங்கள் கூட்டத்தில் ‘கலப்புக் கல்யாணம்’ என்போம். யார் வைத்த பெயரோ. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வோம். அப்படிப்பட்டதை எவரும் பெட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

இத்தனை வருடம் தேடியது இப்படி ஆகிவிட்டதே என்று ஏமாற்றம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மெஷினைக் கழற்றி, பல் இடுக்கில் இருந்த மாவையெல்லாம் எடுத்து, எண்ணெய் போட்டுச் சாவி கொடுத்தேன். தங்கமாக ஓடுகிறது. விசிலடித்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன் போல, கலிவரதன் கதவைத் தட்டி என்ன விசேஷம் என்று கேட்டார்.

பிப்ரவரி 12, புதன்

வாட்ச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிக்கொண்டு காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. இதை நான் அடிக்கடி பழுது பார்த்துக் கொடுத்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து பத்ரு பாய் போன். மறுநாள் பஸ் ஏறப் போவதாகச் சொன்னார். கடை வாசலுக்கு வந்து நின்று பேசினேன்.

“வராதீங்க பாய், வீண் அலைச்சல். கலப்புக் கல்யாணம். ஆமா, சந்தேகமே இல்ல. வெளியில பாக்கத்தான் லட்சணம், உள்ள வேற. மூஞ்சில கீறல் இருக்கு, வயசும் ஆயிடுச்சு. சும்மா குடுத்தாக்கூட நம்ம வீட்டுல சேத்துக்க முடியாது. எனக்கு வேணவே வேணாம்.”

கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். என்ன செய்வது, பத்ரு பாய் வந்தால் சும்மா போகமாட்டார். ரொட்டிக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரும் மனைவியை இழந்தவர், குரல் வேறு நன்றாக இருக்கும், கேட்காமலே பாடுவார்.

திரும்பிப் பார்த்தால் ஒர்த்தான்ஸ் மதாம் ரொட்டித் தட்டோடு பின்னால் நின்றிருந்தார். வருகிறேன் என்றேன். தட்டோடு உள்ளே போய்விட்டார். அடுப்பில் வேலை இருந்திருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய ரொட்டி இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

ரொட்டி இல்லை. கேழ்வரகு ரொட்டியும் இல்லை.

பிப்ரவரி 15, சனி

வாட்ச் மறுபடி திக்குகிறதோ என்னவோ. அந்தக் கோபமாக இருக்கலாம். கேட்கலாம் என்று போனேன். என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பீரோவைத் திறந்து எல்லா க்ரோனோகிராஃப்களையும் எடுத்துத் துடைத்தேன். வழக்கமாக இதற்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போதாது. இன்று ஒன்பது மணிக்கே அலுத்துவிட்டது. சுடர்விழி இரண்டு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது, ஏன் என்று கேட்டால் அவளிடம் என்ன சொல்வேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கடை திறந்ததும் வாட்டசாட்டமாக ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். பார்வை பரிசோதிக்க வந்தவர் என்று நினைத்து எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டேன்.

“விளக்க அணை. நான் ரெமோன். ஒர்த்தான்ஸுக்கு அண்ணன்.”

இவரும் படையில் இருந்துவிட்டு வந்தவர், கழுத்தே எனக்கு இடுப்பளவு இருக்கும். அணைத்தேன்.

“இன்னாய்யா நெனச்சிட்டிருக்க? நாங்க வேதக்காரங்க, நீ சாமி கும்பிடறவன். கலப்புக் கல்யாணம் வேணாம்னா வேணாம்னு உம்பாட்டுக்குப் போ. எங்க கட வாசல்லயே நின்னு, மூஞ்சில கீறலு, வயசாயிடுச்சு, சும்மா குடுத்தாலும் வேணாம்னு எவன்கிட்டயோ போன்ல சிரிச்சுப் பேசியிருக்க. உன்ன எவன் கேட்டான்?”

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

“வாட்ச்சுங்க” என்றேன்.

“என்ன வாட்ச்சு?”

“கலப்புக் கல்யாணம் வாட்ச்சுங்க. உடம்பு ஒண்ணு, மெஷின் ஒண்ணு. கீறல் டயல்லங்க. வயசு வாட்ச்சோட வயசு. மதாமச் சொல்வேனா? அவங்க மூஞ்சில கீறல் எங்க இருக்கு? ஒரு மரு கூடக் கிடையாது, வலது காதுகிட்ட ஒரு சின்ன மச்சம், அதுவும் நல்லாத்தான் இருக்கு.”

ரெமோன் என்னை நெடுநேரம் பார்த்தார். எழுத்துப் பலகையில் கீழ்வரியைப் படிக்கிறவர் கண்ணைச் சுருக்குவது போலச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அவகிட்டப் போய்ச் சொல்லு. அஞ்சு நாளா அழுவறா. இத்தன வயசுல எத்தனையோ பேர் வந்து கேட்டுட்டுப் போனாங்க, எவனுக்காகவும் அழுததில்ல. கண்ணாடிக் கடைக்காரன் வேணாம்னதுக்கு எதுக்கு அழுவணும்? யோசி.”

போய்விட்டார். யோசித்தேன். அவர் எதற்கு அழ வேண்டும் என்பதோடு, நான் எதற்காகத் தினமும் போனேன் என்பதையும் சேர்த்து யோசித்தேன். இந்த டைரியை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. பயம்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஷட்டர் இறங்குவதற்குள் உள்ளே போய்விட்டேன். அண்ணன் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வாட்ச்சக் குடுங்க மதாம், அஞ்சு நிமிஷம். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க.”

கழற்றி மேஜையில் வைத்தார், கையில் தரவில்லை. மாவு பிசையும் மேஜையிலேயே பின்மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். எது தெலோர்ம், எது வேறு, எங்கே அரம் போட்டிருக்கிறது என்று காட்டினேன். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரைச் சொன்னேன். போனில் பேசியதை வரி வரியாகத் திருப்பிச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வாட்ச்சில் இடம் காட்டினேன். கீறலையும் காட்டினேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பாதான் பண்ணியிருப்பாரு. இவரோடது ஒரு தடவ தண்ணில விழுந்து உள்ள துருவாயிடுச்சு. கூட வேல செஞ்சவரோடது ஒடஞ்சு போச்சு. ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கிட்டேன்னு சொல்வாரு. நான் கத விடறாருன்னு நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “அப்ப இதுக்கு மதிப்பே இல்லியா?”

“எங்க கூட்டத்துல இல்ல.”

“ஓடுமா?”

“நல்லா ஓடும். ரெண்டும் பொருந்திப் போச்சு. இனிமே பிரிச்சாத்தான் கெட்டுப் போகும்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“வாட்ச் வேணாம். ரொட்டி சாப்பிடக் கூடாது. அப்புறம் நாளைக்கு எதுக்கு வருவீங்க முசே?”

“உங்களப் பாக்க” என்றேன். “இத்தன நாளும் அதுக்குத்தான் வந்தேன். எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது.”

“எனக்குப் பொங்கலன்னிக்கே தெரியும்” என்றார் ஒர்த்தான்ஸ்.

பிப்ரவரி 19, புதன்

சுடர்விழியிடம் சொன்னேன். “எப்பப்பா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். அம்மாவின் புடவையில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறாளாம், அந்த அம்மாளுக்குக் கொடுக்க. மீனாட்சி இருந்தால் என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தோம்.

மார்ச் 2, ஞாயிறு

தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் முறைப்படி பேசிவிட வேண்டும் என்று ரெமோன் சொல்லி அனுப்பியிருந்தார். சுடர்விழியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்கறி வாசனை தெருவரை வந்தது. ஒர்த்தான்ஸ் புடவை கட்டியிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றதால் வாசல்படியில் தடுக்கிக்கொண்டேன்.

கோயிலா சர்ச்சா என்று ஒரு பேச்சு வந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று முடிந்தது. அதற்குப் பிறகு ரெமோன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைத் துருவ ஆரம்பித்தார். என்ன கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயாராகப் போயிருந்தேன்.

“பழைய வாட்ச் நெறைய இருக்காமே?”

“இருக்குங்க.”

“ஆசப்பட்டு வாங்கறது சரி. வாங்கிட்டு இன்னா பண்ணுவ? கட்டிக்குவியா, இல்ல சும்மா வெச்சுக்குவியா?”

என் துறைக் கேள்வி வந்துவிட்ட உற்சாகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “நான் எப்பவுமே வெச்சுக்கறவன்தாங்க. கட்டிக்கிட்டா தேஞ்சு போயிடும். அதிலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சதுன்னா கட்டவே மாட்டேன், அப்படியே வெச்சுக்குவேன்.”

ரெமோனின் கழுத்து சிவந்தது. பக்கத்தில் சுடர்விழி, “அப்பா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கையால் இடித்தாள். சொன்னதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்றேன்.

“கட்டிக்கறேங்க” என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

சமையலறை வாசலில் ஒர்த்தான்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

“எத முசே?” என்று கேட்டார்.

“உன்னத்தான், ஒர்த்தான்ஸ்.”